டிம்சம் வண்டிகள் எங்கே போயின?

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் சைனாடவுனில், எலிசபெத் தெருவில் ‘ஜிங் ஃபாங்’ என்றொரு டிம்சம் கூடம் இருந்தது. டிம்சம் என்றால் தேநீரோடு சாப்பிடும் சீனச் சிறு பலகாரங்கள். நீளமான எஸ்கலேட்டரில் ஏறிப்போனால், ஒரே நேரத்தில் ஏறக்குறைய 800 பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடம். வட்ட மேஜைகளுக்கு நடுவே ஆவி பறக்கத் தள்ளுவண்டிகள் வரும். வண்டியோடு வரும் பெண்மணி மூங்கில் கூடையின் மூடியைத் திறந்து காட்டுவார். தலையசைத்தால் கூடை மேஜைக்கு வரும். அட்டையில் ஒரு முத்திரை விழும். எழுந்து போகும்போது முத்திரைகளை எண்ணிக் காசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் 800 இடமும் போதாது.

2021 மார்ச்சில் அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். ஊழியர்கள் சங்கமாகத் திரண்டு தெருவில் இறங்கிப் போராடியும் பலிக்கவில்லை. அதே ஆண்டு, பக்கத்திலேயே சென்டர் தெருவில் அதே பெயரில் கடை திறந்தது. இப்போது சுமார் 125 இருக்கைகள்தான்.

கொரோனாதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. தள்ளுவண்டி டிம்சம் என்பது கூட்டத்தை நம்பி நடக்கும் தொழில். கேட்பதற்கு முன்பே வேகவைத்து வண்டியில் ஏற்றியாக வேண்டும். கூடம் நிறைந்திருந்தால் ஒரே சுற்றில் வண்டி காலி. பாதிதான் நிறைந்திருந்தால் மூன்றாவது சுற்றில் மேல்மாவு காய்ந்து விறைத்துவிடும். கூடைக்குச் சில டாலர்தான் விலை. அதை வைத்து மன்ஹாட்டன் வாடகையைக் கட்ட முடியாது. வாடகை கட்டியது மாலை விருந்துகள். கல்யாணம், சீனப் புத்தாண்டு, ஊர்ச்சங்கக் கூட்டம் என்று மேஜைக்குப் பத்துப் பேர் உட்கார, சிங்கி இறாலும் முழு மீனும் வரிசையாக வரும். காலையில் கொழுக்கட்டை மலிவாகக் கிடைத்ததற்கு மாலையில் விற்ற சிங்கி இறால்தான் காரணம். விருந்துகள் நின்றதும் வண்டியும் நின்றது.

கொழுக்கட்டை என்று சும்மா சொல்லவில்லை. இறால் வைத்த ‘ஹார் காவ்’ செய்முறையைப் பார்த்தால் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு உடனே பிடிபடும். புரதம் நீக்கிய கோதுமை மாவையும் மரவள்ளி மாவையும் கலந்து, கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக் கிளறிப் பிசைகிறார்கள். சிறு உருண்டையை எண்ணெய் தடவிய கத்தியின் தட்டையான பக்கத்தால் ஒரே அழுத்து. மெல்லிய வட்டம் தயார். இறாலை வைத்து, ஒருபக்க விளிம்பில் மட்டும் மடிப்பு மடிப்பாகக் கொசுவி மூடுகிறார்கள். வெந்ததும் உள்ளிருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிய வேண்டும். குச்சியால் தூக்கினால் கிழியக் கூடாது. அந்த இறால் நெல்லூர்ப் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்ததாகவும் இருக்கலாம். அமெரிக்காவுக்குப் பல ஆண்டுகளாக மிக அதிகமாக இறால் விற்றுவந்த நாடு இந்தியாதான்; அதில் பெரும்பங்கு ஆந்திராவுடையது.

விருந்தில் வரும் மீன் விஷயத்தில் தென்சீனத்துக் கான்டன்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தொட்டியில் நீந்துவதை உயிரோடு பிடித்து, மேஜைக்கே கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் சமைப்பார்கள். மசாலா கிடையாது. ஆவியில் வேகவைத்து, ஊறிய நீரை வடித்து, மெல்லிசாக நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் மேலே தூவி, புகைய புகையக் காய்ந்த எண்ணெயை ஊற்றுவார்கள். ‘சொர்’ரென்ற சத்தம் அடங்குவதற்குள் சோயா சாஸ். மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். படகு கவிழும் என்பது கடலோர நம்பிக்கை. நடுமுள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டும்.

இந்தச் சாப்பாடு இங்கே தழைத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நுழையக் கூடாதென்று அமெரிக்கா தடை போட்டது. 1943-ல்தான் அது நீங்கியது. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக வந்தவர்களில் ஹாங்காங்காரர்கள் ஏராளம். பெரிய கூடங்களை நிரப்பியவர்கள் அவர்கள்.

அதே சைனாடவுனில், டாயர்ஸ் தெருவில் 1920 முதல் இருக்கும் ‘நாம் வா’ டிம்சம் கடையில் இப்போது வண்டி இல்லை. சீட்டில் டிக் செய்து கொடுத்தால் சுடச்சுட வருகிறது. ருசியை மட்டும் பார்த்தால் இதுதான் மேல் என்பேன். ஆனால் பெயர் தெரியாத பண்டத்தைக் கண்ணால் பார்த்துக் கைகாட்டி வாங்கும் துணிச்சலைச் சீட்டு தராது. கறுப்பு பீன்ஸ் சாற்றில் ஊறிய கோழிப்பாதம் என்று எழுதியிருந்தால், நம்மவர் எத்தனை பேர் டிக் செய்வார்கள்?

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை 11 மணிக்கு முன்பே போய்விடுங்கள். தேநீர் தீர்ந்தால் கூஜாவின் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், நிரப்பிவிடுவார்கள். சைவர்கள் முள்ளங்கிக் கேக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அதில் பன்றிக்கறியும் உலர்ந்த இறாலும் இருக்கும். மீனுக்கு நேராக மெனுவில் ‘அன்றைய விலை’ என்று போட்டிருந்தால், எடையையும் விலையையும் கேட்டுவிட்டு அப்புறம் தலையை ஆட்டுங்கள்.