உப்புநீர்த் தொட்டியில் தோற்ற கம்பி

கடந்த பள்ளி விடுமுறையில், உயர்நிலை மாணவர்கள் எட்டுப் பேருக்கு வழிகாட்டியாக இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் எனக்கு அந்தப் பணி எளிதாகத்தான் தெரிந்தது. தந்தி முதல் ஒளியிழை வரை தொலைத்தொடர்பு வளர்ந்த கதையை மாதிரிகளாகச் செய்து, பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டும். எங்களுக்கு ஒரு வாரம் இருந்தது.

முதல் மாதிரி 1844ஆம் ஆண்டைக் காட்டியது. வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸ் தந்தி அனுப்பிய ஆண்டு அது. இரும்பு ஆணியில் இனாமல் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றினோம். விசையை அழுத்தினால் ஆணி மின்காந்தமாகி, மைலோ டின்னிலிருந்து வெட்டிய தகட்டை ‘டக்’ என்று இழுத்தது. மாணவர்களுக்கு ஒரே குதூகலம்.

இரண்டாவது மாதிரி கடலடித் தந்தி. நீலத் தாளை ஒட்டி, அதன்மேல் இரண்டு கம்பிகளை ஓடவிட்டு, “கடல்” என்று எழுதிவிட்டோம். பார்க்க அழகாக இருந்தது. அப்போது உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருவர் தயக்கத்துடன் கேட்டார்: “அக்கா, உப்புத் தண்ணியில மின்சாரம் ஓடும்னு போன தவணைதான் படிச்சோம். அப்போ கடலுக்குள்ள கம்பி எப்படி வேலை செய்யும்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. நீலத் தாளைக் கிழித்தோம். பிளாஸ்டிக் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, வெறும் செப்புக் கம்பிகள் இரண்டை, ஒன்றையொன்று தொடாதபடி பலமுறை வளைத்துப் போட்டோம். விசையை அழுத்தியதும் கம்பியில் குமிழ்கள் கிளம்பின. தகடு அசையவில்லை. மின்சாரம் மறுமுனைக்குப் போகாமல் நீர்வழியே கசிந்துவிட்டது.

கம்பிக்கு நூல் சுற்றி மெழுகில் தோய்த்தோம். நேராக இருந்தவரை சரி. வளைத்ததும் மெழுகு துண்டு துண்டாக உதிர்ந்தது. கண்காட்சிக்கு மூன்றே நாள்கள். ஒரு மாணவர், “அக்கா, பழையபடி நீலத் தாளையே ஒட்டிடலாமே” என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது.

அன்றிரவு தந்தியின் வரலாற்றைப் படித்தபோதுதான், எங்கள் சிக்கலுக்கான விடை ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்தே புறப்பட்டது என்று தெரிந்தது. இவ்வட்டாரக் காடுகளில் ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மரம் உண்டு. அதன் பாலை இறுகச் செய்து, மலாய் மக்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். வெந்நீரில் இட்டால் அது களிமண்போல் இளகும், ஆறினால் கெட்டியாகும், கடல்நீரில் கெடாது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அந்தப் பொருளே கடலடிக் கம்பிகளின் மின்காப்பானது.

அதன் பிறகும் தோல்விகள் ஓயவில்லை. 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட வடம் கவசமின்றி ஒரு நாளுக்குள் அறுந்தது. 1851இல் இரும்புக் கம்பிகளை மேலே சுற்றிப் போட்ட வடம் நிலைத்தது. 1870-71இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடித் தந்தியால் இணைந்தன.

மறுநாள் சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகும் பசையைத் துப்பாக்கியால் கம்பி முழுவதும் பூசினோம். கம்பி தடித்து, கோணலாக, அழகின்றி இருந்தது. தொட்டியில் இறக்கி விசையை அழுத்தினோம். ‘டக்!’

விளக்க அட்டைகளையும் மாற்றி எழுதினோம். கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும் மட்டும் இருந்த இடத்தில் மூன்று கேள்விகள் வந்தன: எது தடுத்தது? எது தீர்த்தது? அதற்கு யார் விலை கொடுத்தார்கள்? மூன்றாவது கேள்வியைச் சேர்க்கச் சொன்னவர் அதே மாணவிதான். ரப்பரைப்போல் கீறிப் பால் எடுக்க இந்த மரம் இடம் கொடுக்காது. வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். கம்பிவடங்கள் உலகைச் சுற்றச் சுற்ற, இங்கே காடுகளில் அந்த மரம் அரிதானது. காட்டுக்குள் சென்று மரத்தைத் தேடி வெட்டியவர்களின் பெயர் எங்கள் அட்டை எதிலும் இல்லை. அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவைத்தோம்.

கடைசி மாதிரி, ஒரு முனையில் விளக்கொளி காட்டினால் மறுமுனை மின்னும் ஒளியிழை. அட்லாண்டிக் கடலடியில் முதல் ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது 1988இல். இன்று நம் கைப்பேசிச் செய்திகள் கடல் கடப்பது பெரும்பாலும் இத்தகைய வடங்கள் வழியாகத்தான்.

கண்காட்சி நாளில் நாங்கள் இரண்டு தொட்டிகளை வைத்தோம். ஒன்றில் பசை பூசிய கம்பி, மற்றதில் தோற்றுப்போன வெறும் கம்பி. வந்தவர்கள் அதிக நேரம் நின்றது இரண்டாவது தொட்டியின் முன்தான். “ஏன் இது மட்டும் வேலை செய்யல?” என்று ஒவ்வொருவரும் கேட்க, எங்கள் மாணவர்கள் அட்டையைப் பார்க்காமலே விளக்கினார்கள்.

அடுத்த முறை நீங்கள் ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை மாதிரியாகச் செய்யும்போது, வேலை செய்யாத ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அடுத்தது ஏன் பிறந்தது என்பதை அதுவே சொல்லும்.