புளிக்குப் பிறந்த வீடு ஆப்பிரிக்கா!

புளி இல்லாமல் ஒரு வாரம் சமையலை ஒப்பேற்ற முடியுமா உங்களால்? நமக்கு அவ்வளவு சொந்தமாகிவிட்ட புளியமரத்துக்குப் பிறந்த வீடு ஆப்பிரிக்கா. நம் நாடு புகுந்த வீடுதான்! வெகு காலத்துக்கு முன்பே இங்கே வேரூன்றிவிட்டதால், அரேபியர்கள் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிறந்த வீட்டில் இன்றும் அது காட்டு மரமாக வளர்கிறது. வட நைஜீரியாவில் ஹௌசா இனப் பெண்கள் கம்பு மாவுக் கஞ்சியில் புளியைக் கரைத்து விடுகிறார்கள். நம்ம கம்பங்கூழுக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இல்லை?

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூருக்கு மூவர் கோயிலைப் பார்க்கப் போகிறீர்களா? மாசி, பங்குனி என்றால் அந்த வறண்ட சீமையில் புளி உதிரும் காலம். குழந்தைகள் மரத்தடிக்குத்தான் ஓடும். "பேய் பிடிக்கும், போகாதே" என்று அதட்டாதீர்கள். பொறுக்கட்டும். ஆனால் மரத்துக்குச் சொந்தக்காரரோ, காய்ப்பை ஏலம் எடுத்தவரோ இருப்பார். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடு முழுசாக இருப்பதை மட்டும் எடுங்கள். உடைந்து மண் ஒட்டியதும், பூச்சி அரித்ததும் வேண்டாம். சதையை விட்டு ஓடு விலகியிருந்தால் நல்ல பழம். பிள்ளைகளுக்கோ பாதி பழுத்த செங்காய்தான் உயிர்! ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொட்டையோடு கொடுக்கவே கூடாது. வழுக்கித் தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கொட்டையையும் நாரையும் நீக்கிவிட்டு, சுண்டைக்காய் அளவு கொடுங்கள். தின்றதும் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். புளிப்பு பல்லின் எனாமலை அரிக்கும்.

மசக்கைக்காரப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. புளிப்பாயிருப்பதெல்லாம் வைட்டமின் சி என்று நினைத்துவிடாதீர்கள். 100 கிராம் புளியில் அது 4 மில்லிகிராம்கூட இல்லை. கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல்! வாய்க்கு ருசியாகக் கொஞ்சம் புளி சாப்பிடுங்கள். அதற்காக டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். புளியில் பொட்டாசியம் அதிகம். வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

பொறுக்கி வந்ததை ஓடு நீக்கி, வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவிப் பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அடையுங்கள். செம்பு, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரங்களில் மட்டும் வேண்டவே வேண்டாம். பித்தளைக் குடத்தைப் பளபளக்க வைக்கிற அதே புளிப்பு, அந்த உலோகத்தைக் கரைத்து நம் குழம்பில் சேர்த்துவிடும்!