வெளிநாட்டு போனில் நம்ம ஊர் சிம் ஏன் எடுக்கவில்லை?

கடந்த பொங்கலுக்கு எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. டல்லாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், தான் பயன்படுத்திய ஐபோன் 13-ஐத் தாத்தாவுக்கென்று ஆசையாகக் கொண்டுவந்தான். அப்பா தன் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றி அதில் போட்டார். திரையில் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தது. சிம்மை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டார், மறுபடியும் அதேதான். கடைத்தெருவில் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘திறந்து’ கொடுத்தார்கள். இரண்டு வாரம் பேசினார். சாஃப்ட்வேர் அப்டேட் ஆன மறுநாள் டவர் போய்விட்டது. பிறகு, போனை விற்ற அமெரிக்க நிறுவனத்திடமே அக்கா மகன் ஆன்லைனில் கேட்டான். இரண்டு நாளில், ஒரு பைசா செலவில்லாமல் திறந்துவிட்டது.

அந்த 4,000 ரூபாய் இன்னொரு வீட்டிலும் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இந்த விளக்கங்கள்.

1. சிம் எடுக்கவில்லை என்றால் போன் பழுதா?

பழுதில்லை, அது ‘நெட்வொர்க் லாக்’. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் எண் உண்டு. அதன் முதல் சில இலக்கங்கள் நாட்டையும் நிறுவனத்தையும் காட்டும். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405-ல் தொடங்கும். லாக் போட்ட போன் அதைப் படித்துப் பார்த்து, தன்னை விற்ற நிறுவனத்தின் சிம் இல்லையென்றால் ஏற்க மறுத்துவிடும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய், ‘கேரியர் லாக்’ என்ற வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்றிருந்தால் லாக் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2. காசு கொடுத்து வாங்கிய போனை ஏன் பூட்டுகிறார்கள்?

அமெரிக்காவில் பலர் போனை முழு விலை கொடுத்து வாங்குவதில்லை. தொலைபேசி நிறுவனமே 24 அல்லது 36 மாதத் தவணையில் கொடுக்கும். தவணை முடியும்வரை வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போகாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. கணக்கைத் தீர்த்தால் திறந்துவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

3. லாக்கைத் திறப்பது சட்டப்படி குற்றமா?

அமெரிக்காவில் சில காலம் அப்படித்தான் இருந்தது. 2013 ஜனவரி கடைசியிலிருந்து, நிறுவனத்தின் அனுமதியின்றி புதிய போனைத் திறப்பது பதிப்புரிமைச் சட்ட மீறலானது. அதை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுக் கொடுத்தார்கள். 2014 ஆகஸ்ட் 1-ல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது.

கனடா இன்னும் ஒரு படி மேலே போனது. 2017 டிசம்பர் முதல் அங்கே லாக் இல்லாத போனைத்தான் விற்க வேண்டும். பிரிட்டனிலும் 2021 டிசம்பர் முதல் அதே விதி. இந்த நாடுகளிலிருந்து வரும் புதிய போன்களில் இந்தத் தொல்லை இருக்காது.

4. முறைப்படி எப்படித் திறப்பது?

போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதைக் குறித்துக்கொண்டு, போனை விற்ற நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தவணை பாக்கி இருக்கக் கூடாது. போன் திருட்டுப் பட்டியலில் இருக்கக் கூடாது. குறிப்பிட்ட நாட்கள் அதே நிறுவனத்தின் இணைப்பில் ஓடியிருக்க வேண்டும். மாதாந்தர பில் கட்டுகிறவர்களுக்கு டி-மொபைல் 40 நாள், ஏடி அண்ட் டி 60 நாள் என்று வைத்திருக்கின்றன. ப்ரீபெய்டு என்றால் இன்னும் அதிகம். விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த நிறுவனத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒரு ரகசிய எண் அனுப்புவார்கள். அதைப் பார்த்து நிதானமாகப் போடுங்கள். பலமுறை தவறாகப் போட்டால் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம்.

5. இங்கே கடையில் கொடுத்துத் திறக்கலாமே?

எங்கள் அப்பாவின் போனில் கடைக்காரர் செய்தது, சிம்முக்கு அடியில் காகிதம் போன்ற ஒரு மெல்லிய சிப்பை ஒட்டியதுதான். அது போனை ஏமாற்றுமே தவிர, பூட்டைத் திறக்காது. ஐபோனின் லாக் விவரம் ஆப்பிள் சர்வரில் ஐஎம்இஐ எண்ணோடு பதிவாகியிருக்கிறது. விற்ற நிறுவனம் சொன்னால்தான் அங்கே மாற்றுவார்கள்.

‘ஐஎம்இஐ மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

6. லாக் திறந்தால் எல்லா சிம்மும் வேலை செய்யுமா?

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி வழியாகவே பேச்சும் போகிறது. அந்த வோல்ட்டி வசதி நம் நெட்வொர்க்கில் இயங்காத போனில் இன்டர்நெட் வரும், சாதாரண அழைப்பு வராது.

இரண்டாவது, அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14-ல் சிம் போடும் தட்டே கிடையாது. அதில் இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன. ஆனால் அவசரத்துக்குச் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு அது சரிப்படுமா என்று யோசியுங்கள்.

7. செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது?

நெட்வொர்க் லாக் வேறு, ஐகிளவுட் பூட்டு வேறு, திருட்டுப்போன் தடை வேறு. ஐகிளவுட் பூட்டைப் பழைய உரிமையாளர் தன் பாஸ்வேர்டு போட்டு நீக்கித் தர வேண்டும். தடை உண்டா என்று அறிய, ஆங்கிலத்தில் கே ஒய் எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஐஎம்இஐ எண் ஆகியவற்றை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ‘பிளாக்லிஸ்ட்’ என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

8. இந்தியாவில் வாங்கும் போனிலும் லாக் உண்டா?

பெரும்பாலும் இல்லை. 2003-ல் 501 ரூபாய் கட்டி ரிலையன்ஸ் போன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். அதில் சிம்மே கிடையாது. 2017-ல் வந்த ஜியோபோனில் ஜியோ சிம் மட்டும் எடுத்தது. கடையில் தனியாக வாங்கும் மற்ற போன்களில் எந்த சிம்மையும் போடலாம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் போன் கொண்டுவருவதாகச் சொன்னால், விமானம் ஏறும் முன்பே கேளுங்கள்: தவணை முடிந்ததா, அன்லாக் ஆகிவிட்டதா, சிம் தட்டு இருக்கிறதா? அங்கே கணக்கு நடப்பில் இருக்கும்போது இது எளிதாக முடியும் வேலை. ஊர் வந்த பிறகு அதே வேலைக்குத்தான் எங்கள் அப்பா ஒரு மாதம் பழைய பட்டன் போனோடு காத்திருந்தார்.