திரைச்சீலை போட்டால் சிவக்கும் வானம்! - ஹான்லே கிராமத்தில் ஒரு நெபுலா வேட்டை

லடாக்கின் ஹான்லே கிராமத்தில் பொழுது சாய்ந்ததும், ஜன்னல்களில் தடிமனான திரைச்சீலைகளை இழுத்து மூடுகிறார்கள். குளிருக்காக மட்டுமல்ல. உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சம் வெளியே கசியக் கூடாது என்பதற்காகவும்தான். வெளி விளக்குகள் தரையைப் பார்த்தே எரிய வேண்டும். இரவில் வரும் வண்டிகள் ஹை பீம் போடக் கூடாது.

இந்த இருட்டுக்காகத்தான் லே நகரிலிருந்து சுமார் 270 கி.மீ. மலைப்பாதையைக் கடந்து, கேமராவும் டிரைபாடுமாக ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் தேடி வருவது, வானத்தில் இருந்தும் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிவப்பு நிறத்தை!

அது என்ன சிவப்பு?

விண்வெளியில் மிதக்கும் பிரமாண்டமான வாயு மேகம்தான் நெபுலா. அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன். பக்கத்தில் தகிக்கும் இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர்கள், ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறிகின்றன. அந்த எலெக்ட்ரான் மறுபடி அணுவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கி வரும்போது, ஒரு படியில் 656.3 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி பிறக்கிறது. இப்படித் தானே ஒளியை உமிழ்வதால் இதற்கு ‘உமிழ் நெபுலா’ என்று பெயர். ஓரியன் நெபுலா, ரோசெட் நெபுலா எல்லாம் இந்த வகைதான்.

சரி, கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் நம் விழித்திரை செல்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. டெலஸ்கோப் வழியாகப் பார்த்தாலும் சாம்பல் நிறப் புகை போலத்தான் தெரியும். கேமரா அப்படியல்ல. ஒளியைத் துளித்துளியாகச் சேர்த்து வைக்கும்.

இதை முதலில் சாதித்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று, 11 அங்குல டெலஸ்கோப்பில் 51 நிமிடங்கள் ஒளியைச் சேகரித்து ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்தார். உலகின் முதல் நெபுலா புகைப்படம் அதுதான்.

ஒரு படம், நூறு ஷாட்!

இன்றும் அடிப்படை அதே பொறுமைதான். பூமி சுழல்வதால், கேமராவை அசையாமல் வைத்தால் நட்சத்திரங்கள் கோடு கோடாக இழுபடும். அதனால் வானத்தின் வேகத்துக்கே கேமராவைத் திருப்பும் ‘ஸ்டார் டிராக்கர்’ கருவி வேண்டும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பக்கத்து அபார்ட்மென்ட்டே அதை மறைத்துவிடும். ஹான்லேயில் அது சுமார் 33 டிகிரி உயரத்தில் நிற்கிறது.

பிறகு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என எக்ஸ்போஷர் வைத்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். அத்தனை படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு ‘ஸ்டாக்கிங்’ என்று பெயர். 16 படங்களை அடுக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும் ‘நாய்ஸ்’ கால் பங்காகக் குறையும். 100 படம் என்றால் பத்தில் ஒரு பங்கு. லென்ஸை மூடிவிட்டு எடுக்கும் ‘டார்க்’ படங்களும் உண்டு. கேமராவுக்குள்ளேயே உண்டாகும் குறைகளைக் கழிக்க அவை உதவும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனித முகங்கள் இயல்பான நிறத்தில் தெரிவதற்காக, சாதாரண கேமராக்களின் சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். ஆகவே, பலர் அந்த ஃபில்டரை மாற்றிய கேமராவோடு வருகிறார்கள்.

நகரத்தில் எடுக்க முடியாதா?

முடியும். 656.3 நானோமீட்டரைச் சுற்றிய ஒளியை மட்டும் அனுமதிக்கும் ஃபில்டர் போட்டு, மொட்டை மாடியிலிருந்தே நெபுலாவை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், நெபுலாவோடு அதைச் சுற்றிய நட்சத்திரங்களின் இயல்பான வண்ணங்கள், மெல்லிய புகைபோல விரியும் அதன் ஓரங்கள் எல்லாம் சேர்ந்து வர வேண்டுமென்றால் இருட்டான வானம்தான் வேண்டும். தெருவிளக்குகளால் வெளுத்த வானத்தில் அந்த ஓரங்கள் கரைந்துபோகும்.

ஹான்லே ஆய்வகம் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழரான நோபல் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 2 மீட்டர் டெலஸ்கோப் அங்கே இயங்குகிறது. நடத்துவது பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அதன் வேர், 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த மெட்ராஸ் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். இன்று அதே நுங்கம்பாக்கத்தில் அண்ணாந்து பார்த்தால் எத்தனை நட்சத்திரங்கள் தெரியும்?

அந்த நிலை ஹான்லேவுக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான், 2022 டிசம்பரில் ஆய்வகத்தைச் சுற்றிய 1,073 சதுர கி.மீ. பரப்பை ‘டார்க் ஸ்கை ரிசர்வ்’ ஆக அறிவித்தார்கள். சுற்றியுள்ள குக்கிராமங்களைச் சேர்ந்த 20-க்கும் மேற்பட்டோருக்கு வானியல் பயிற்சி கொடுத்து, டெலஸ்கோப்புகளும் தந்தார்கள். ஹோம்ஸ்டேவில் தங்க வருபவர்களுக்கு இவர்கள்தான் வானத்தைக் காட்டுகிறார்கள். இருட்டு அந்த ஊருக்கு வருமானமாகவும் மாறியிருக்கிறது.

ஆனால், அந்த வருமானத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. ஆள் கூடக் கூட வண்டியும் கூடும், விளக்கும் கூடும். மைனஸ் 20 டிகிரி குளிரில், சீக்கிரமே தீர்ந்துவிடும் பேட்டரியைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கும்போது, வளைவில் திரும்பும் ஒரே ஒரு ஹெட்லைட் போதும், அந்த ஷாட் வீண்!

போகிறவர்கள் கவனத்துக்கு...

* லேயில் குறைந்தது இரண்டு நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுங்கள். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு. இதய, நுரையீரல் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.
* அமாவாசையை ஒட்டிய நாட்களே சிறந்தவை.
* வெள்ளை டார்ச் வேண்டாம். மங்கலான சிவப்பு டார்ச் போதும். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும்.

ஹான்லே வரை போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மார்கழியில் இரவு 9 மணிக்கு மேல் கிழக்கே பாருங்கள். செந்நிறத்தில் மின்னும் திருவாதிரை, அதன் அருகே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், அவற்றுக்குத் தெற்கே வாள்போலச் சின்னதாக ஒரு வரிசை. அந்த வாளின் நடுவே மங்கலாக, பஞ்சுபோலத் தெரிவதுதான் ஓரியன் நெபுலா. அங்கிருந்து கிளம்பிய ஒளி நம்மை வந்து சேர சுமார் 1,300 ஆண்டுகள் ஆகின்றன. போனை டிரைபாடில் வைத்து, நைட் மோடில் எடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால், மொட்டை மாடி விளக்கை அணைத்துவிடுங்கள்!