கோவையின் பழங்கட்டடங்கள்

ஓர் ஊரின் வரலாற்றை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது. அவ்வூரின் பழங்கட்டடங்களையும் நேரிற் காணவேண்டும். மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் கோவை நகரைச் சுற்றி வந்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

1866ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் நகராட்சி ஆயிற்று. விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழா நினைவாக எழுந்த நகர மண்டபம் 1892இல் திறக்கப்பெற்றது. அம்மண்டபத்தால் அப்பகுதிக்கே ‘டவுன்ஹால்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. காஸ் என்னும் வனத்துறை அதிகாரியின் பெயர் தாங்கிய வனப் பொருட்காட்சிசாலை 1902இல் தோன்றியது. நம் காடுகளின் மரவகைகளை அங்கே காணலாம்.

இவற்றைக் கண்டு வியந்ததோடு திரும்பிவிடலாகாது. 1872இல் அமைந்த மத்திய சிறையின் மதிலருகேயும் சற்று நிற்கவேண்டும். சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை அங்கேதான் சிறைப்பட்டிருந்தார். மாடு இழுக்கவேண்டிய செக்கில் அவரைப் பூட்டி இழுக்கச் செய்தனர். அவர் செய்த குற்றம் நாட்டை நேசித்ததே!

மகாராணியாருக்கு மண்டபம் எழுந்ததும், தேசபக்தர் செக்கிழுத்ததும் ஒரே ஆட்சியில், ஒரே ஊரில். மண்டபத்தின் அழகைப் போற்றுவோம். சிறைமதில் சொல்லும் செய்தியையும் மறவாதிருப்போம். இரண்டையும் காத்தால்தான் வரலாறு முழுமை பெறும்.