கடல் ஒன்று, அமைப்புகள் ஐந்து: அடுத்த கப்பல் மூழ்கும் முன் ஒன்றுபடுமா தெற்காசியா?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு கப்பல்கள் மூழ்கின. ஒன்று கொழும்புக்கு அருகே, மற்றொன்று கொச்சிக்கு அப்பால். இரண்டிலிருந்தும் கரை ஒதுங்கியவை ஒரே பொருள்: அரிசி மணியளவே உள்ள வெண்ணிறப் பிளாஸ்டிக் குருணைகள். 2021-இல் அவற்றை இலங்கைக் கடற்கரையில் சல்லடை கொண்டு அள்ளினர். 2025-இல் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் அள்ளினர்.

இரு விபத்துகளுக்கும் பின்னர் விசாரணைகள் நடைபெற்றன, வழக்குகள் தொடுக்கப்பட்டன, இழப்பீடு கோரப்பட்டது. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை விடையில்லை. வங்காள விரிகுடாவையும் அரபிக் கடலையும் பகிர்ந்துகொள்ளும் நாடுகள், அக்கடலைக் காக்கவென்று பல அமைப்புகளை உருவாக்கி வைத்துள்ளன. ஆபத்து வரும்போது அவற்றில் எது முன்னிற்கும்? அதற்குத் தில்லியில் பதில் சொல்லும் அமைச்சகம் எது?

திறக்காத துறைமுகங்கள்

சிங்கப்பூர்க் கொடியுடன் வந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 சரக்குப் பெட்டகங்கள் இருந்தன. அவற்றுள் 25 டன் நைட்ரிக் அமிலமும், ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகளும் அடங்கும். அமிலப் பெட்டகம் ஒன்று கசிவதை மாலுமிகள் வழியிலேயே கண்டறிந்தனர். கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும், குஜராத்தின் ஹசிரா துறைமுகத்திலும் அப்பெட்டகத்தை இறக்க அனுமதி கேட்டதாகவும், அதற்கான வசதி இல்லையென இரு துறைமுகங்களும் மறுத்துவிட்டதாகவும் கப்பல் நிறுவனம் தெரிவித்தது. கசியும் பெட்டகத்துடனேயே கொழும்பு நோக்கி வந்த கப்பலில் 2021 மே 20 அன்று தீப்பற்றியது. ஜூன் 2-ஆம் தேதி அது கடலில் அமிழத் தொடங்கியது.

வைபவ், வஜ்ரா ஆகிய கப்பல்களையும், மாசு அகற்றும் பணிக்கென்றே கட்டப்பட்ட சமுத்திர பிரஹரியையும் இந்தியக் கடலோரக் காவல்படை அனுப்பியது. தீயணைப்பில் அவற்றின் பங்கு பெரிது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயுடன் பாராதீப் நோக்கி வந்த நியூ டயமண்ட் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பற்றியபோதும் இந்தியக் கப்பல்களே விரைந்தன. அந்த எண்ணெய் கடலில் கலக்காமல் தடுக்கப்பட்டது.

இவை இரண்டும் பாராட்டுக்குரிய பணிகள். ஆயினும் இரண்டும் அண்டை நாட்டின் வேண்டுகோளை ஏற்றுச் செய்த உதவிகள். தீப்பற்றிய பிறகு உதவிக்கு ஓடுவது ஒன்று. தீப்பற்றும் முன்பே ஆபத்தான பெட்டகத்தை எந்தத் துறைமுகம் ஏற்பது என்று கூடி முடிவெடுப்பது வேறொன்று. முதலாவது நிகழ்ந்தது, இரண்டாவது நிகழவில்லை.

கொச்சியின் பாடம்

2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல், கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தொலைவில் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலில் இருந்த 640 பெட்டகங்களில் 13 அபாயகரச் சரக்கும், மேலும் 12 கால்சியம் கார்பைடும் கொண்டவை எனக் கடலோரக் காவல்படை அறிவித்தது. எரிபொருள் தொட்டிகளில் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் இருந்தன.

கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. வலையில் மீனுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வருகிறது என்ற செய்தி பரவியதும் சந்தையில் மீன் வாங்கத் தயங்கினர். அந்த ஆண்டு ஜூன் மாதம் இலங்கையின் வடகரையிலும் குருணைகள் ஒதுங்கின. அவை எல்சா-3 கப்பலிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என இலங்கை அதிகாரிகள் சந்தேகித்தனர். 2021-இல் இலங்கையின் துயரம். 2025-இல் நமது துயரம். கடல் நீரோட்டம் எல்லைக் கோட்டைக் கேட்டு ஓடுவதில்லை.

எல்சா-3 மூழ்கிய இரு வாரங்களில், ஜூன் 9 அன்று, கொழும்பிலிருந்து நவ சேவா நோக்கிச் சென்ற வான் ஹாய்-503 கப்பல் வட கேரளத்துக்கு அப்பால் தீக்கிரையானது. கப்பலில் இருந்த 22 பேரில் 18 பேர் மீட்கப்பட்டனர்.

யார் யார் இருக்கிறார்கள்?

இப்பகுதியில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை.

முதலாவது, 1982-இல் நிறுவப்பட்டு, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றுச்சூழல் திட்டம். எட்டு உறுப்பு நாடுகள் கொண்ட இவ்வமைப்பே, வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து கடலோர நாடுகளுக்கான தெற்காசியக் கடல்கள் செயல்திட்டத்தின் செயலகம். அந்தச் செயல்திட்டம் 1995 மார்ச்சில் ஏற்கப்பட்டது இதே புது தில்லியில்தான்.

இரண்டாவது, வங்காள விரிகுடாத் திட்டம். 1979-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் திட்டமாகத் தொடங்கி, 2003-இல் அரசுகளுக்கிடையிலான அமைப்பாக மாறிய இதன் தலைமையிடம் சென்னை. சிறு மீனவர்களின் வாழ்வும் மீன்வள மேலாண்மையும் இதன் பொறுப்பு. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகியன உறுப்பினர்கள்.

மூன்றாவது, 1997-இல் உருவான பிம்ஸ்டெக். டாக்காவில் செயலகம் கொண்ட இதில் ஏழு நாடுகள் உள்ளன. மாலத்தீவும் பாகிஸ்தானும் இல்லை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கடல்வழிப் போக்குவரத்து ஒத்துழைப்பு உடன்பாட்டில் இந்நாடுகள் கையெழுத்திட்டன. நான்காவது, மொரீஷியஸைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கம். ஐந்தாவது, சூரை மீன் வளத்தை நிர்வகிக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம். இது சீஷெல்ஸில் உள்ளது.

ஒவ்வொன்றும் பயனுள்ளதே. ஆனால் ஒன்றின் உறுப்பினர் பட்டியல் மற்றொன்றுடன் பொருந்தாது. ஒன்று மாசை மட்டும் பார்க்கும், மற்றொன்று மீனை மட்டும், வேறொன்று வணிகத்தை. கப்பல் மூழ்கினால் மாசும் மீனும் வணிகமும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பாதிக்கப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக நின்று வழிகாட்டியிருக்க வேண்டிய சார்க் அமைப்போ, 2014 காட்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு தலைவர்களைக் கூட்டவே இயலாமல் நிற்கிறது.

தில்லியிலும் அதே சிக்கல்

அண்டை நாடுகளைக் குறைகூறும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். கொழும்புச் செயலகத்துடன் தொடர்பு கொள்வது சுற்றுச்சூழல் அமைச்சகம். சென்னை அமைப்பும் சூரை மீன் ஆணையமும் மீன்வள அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. பிம்ஸ்டெக்கும் விளிம்பு நாடுகள் சங்கமும் வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு. கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்துக்கு உட்பட்டது. துறைமுகங்களும் கப்பல்களும் தனி அமைச்சகம். எண்ணெய்ப் படலம் எத்திசையில் நகரும் என்று கணிக்கும் ஐதராபாத் நிலையம் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தது.

இதன் விளைவை நாடாளுமன்றத்தில் நேரில் காணலாம். கேள்வி நேரத்தில் ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டுள்ளது. மூழ்கிய கப்பல் ஒன்றைப் பற்றி முழு விவரமும் அறிய விரும்பும் உறுப்பினர், கப்பல் குறித்து ஒரு நாளும், மீனவர் இழப்பு குறித்து ஒரு நாளும், கடல் மாசு குறித்து வேறொரு நாளும் கேட்க வேண்டும். விடைகள் தனித்தனியே வரும். அவற்றைச் சேர்த்துப் படித்து, எங்கே இடைவெளி உள்ளது என்று கேட்கும் வாய்ப்பு அவையில் அரிது.

கடல்சார் பாதுகாப்பில் இதே சிக்கல் இருந்தது. மும்பைத் தாக்குதலின் பாடங்களுக்குப் பிறகு நீண்ட காலம் பேசப்பட்டு, 2022-இல் தேசிய கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்பட்டார். கடலின் சூழலைக் காக்க அத்தகைய ஒருவர் இல்லை.

காகிதத்தில் உள்ள ஏற்பாடு

எதுவுமே இல்லை என்று கூறிவிட முடியாது. தெற்காசியக் கடல்களில் எண்ணெய், வேதிப்பொருள் மாசு ஏற்பட்டால் ஒத்துழைப்பதற்கான புரிந்துணர்வு உடன்பாட்டுக்கு மத்திய அமைச்சரவை 2018 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. அதன்படி இந்தியாவின் சார்பில் செயல்படும் பொறுப்பு கடலோரக் காவல்படையினுடையது. ஆபத்து நேர்ந்தால் யார் யாரை அழைப்பது என்பது இதனால் தெளிவாகிறது.

ஆனால் அழைத்த பிறகு என்ன? கொழும்புச் செயலகத்திடம் கப்பல் இல்லை. எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைத் தடுப்புகள் இல்லை. எந்த நாட்டிடம் உள்ளதோ அந்த நாடு மனம் வைத்தால் உண்டு. நம்மிடமே போதுமான ஆயத்தம் உள்ளதா என்பதும் ஐயத்துக்குரியது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, கரையில் படிந்த எண்ணெய்க் கசடைத் தன்னார்வலர்கள் வாளிகளில் அள்ளிய காட்சியைத் தமிழகம் மறந்திருக்காது.

இன்னொரு குறையும் உண்டு. உலகின் பல பிராந்தியக் கடல்களுக்கு, மீறினால் கேள்வி கேட்கத்தக்க சட்டப்பூர்வ உடன்படிக்கை இருக்கிறது. தெற்காசியாவுக்கு இருப்பது செயல்திட்டம் மட்டுமே. உலகளாவிய உடன்படிக்கைகளே போதும் என்று 1995-இல் கருதப்பட்டது. அதே ஆண்டில் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையோ, கடலோர நாடுகள் ஒன்றுகூடி மாசுத் தடுப்பு அவசரத் திட்டங்களை வகுக்க வேண்டும் என்று 199-ஆவது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது.

பகைவர்கள் ஒன்றாக அமர்ந்த கடல்கள்

இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மேசையில் அமராதவரை எதுவும் நடக்காது என்பது தில்லியில் வழக்கமாகக் கேட்கும் வாதம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பனிப்போரின் நடுவே, 1974-இல், சோவியத் ஒன்றியமும் மேற்கு ஜெர்மனியும் கிழக்கு ஜெர்மனியும் பால்டிக் கடலுக்காக ஹெல்சிங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1976-இல் உருவான பார்சிலோனா உடன்படிக்கையில் கிரீஸும் துருக்கியும், இஸ்ரேலும் லெபனானும் உள்ளன. அதே ஆண்டு மத்தியதரைக் கடலின் மாசு அவசரநிலைகளுக்கென மால்டாவில் தனி மையம் நிறுவப்பட்டது. 1978-இல் குவைத் உடன்படிக்கையில் ஈரானும் ஈராக்கும் சேர்ந்தே இடம்பெற்றன.

இவ்வுடன்படிக்கைகளால் அக்கடல்கள் தூய்மையாகிவிட்டன என்று யாரும் கூறமாட்டார்கள். பால்டிக் இன்றும் வயல்களிலிருந்து வரும் உரக் கழிவால் மூச்சுத் திணறுகிறது. ஆனால் ஆபத்து வரும் நாளில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே விடை உண்டு. 2002-இல் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பலைத் தன் கரையருகே அனுமதிக்க ஸ்பெயின் மறுத்தது. நடுக்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அது இரண்டாக உடைந்து, எண்ணெய் அதே ஸ்பெயினின் கரையை மூடியது. அதன் பின்னர், 2003-இல், இடருற்ற கப்பல்களுக்குப் புகலிடம் தருவது குறித்துச் சர்வதேச கடல்சார் அமைப்பு நெறிமுறைகளை வகுத்தது. ஹசிராவும் ஹமாதும் மறுத்தது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

பணம் யார் தருவார்?

எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை லண்டன் நீதிமன்றம் 2023-இல் சுமார் 1.9 கோடி பவுண்டு என்று வரம்பிட்டது. இலங்கை உச்ச நீதிமன்றமோ 2025 ஜூலையில் 100 கோடி டாலர் செலுத்துமாறு உத்தரவிட்டது. நிறுவனம் அதை ஏற்க மறுத்தது. எல்சா-3 விவகாரத்தில் கேரள அரசு ரூ. 9,531 கோடி கோரி உயர் நீதிமன்றத்தை நாடியது. ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே ஆதாரம் திரட்டி, தனித்தனியே இழப்பைக் கணக்கிட்டு, உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களை எதிர்கொள்கின்றன. இழப்பைக் கணக்கிடும் முறையாவது இப்பகுதிக்குப் பொதுவானதாக இருந்தால், மீனவர் கோரிக்கை நீதிமன்றத்தில் வலுப்பெறும்.

1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மாசு, மூழ்கிய கப்பல்களை அகற்றுதல் ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. ஆனால் எந்த உள்நாட்டுச் சட்டமும் அண்டை நாட்டுத் துறைமுகத்தைத் திறக்காது.

தமிழகத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. பாக் நீரிணையைப் பற்றி இரு அவைகளிலும் பேசப்படுவது பெரும்பாலும் மீனவர் கைதும் கச்சத்தீவுமே. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் 2022-இல் பாக் விரிகுடாவில் கடற்பசுக்களுக்கெனத் தமிழக அரசு அறிவித்த பாதுகாப்பகத்தின் கடற்புல், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் எண்ணெயால் அழியக்கூடும். மீனே இல்லாத கடலில் மீன்பிடி உரிமைக்கு என்ன பொருள்?

வாய்ப்பு இப்போது இந்தியாவின் கையில் உள்ளது. விளிம்பு நாடுகள் சங்கத்தின் 2025-27 காலத் தலைமை, இலங்கைக்குப் பின் இந்தியாவுக்கு வந்துள்ளது. ஆறாவதாக ஓர் அமைப்பைத் தொடங்கத் தேவையில்லை. அவசர உதவிக்குக் கொழும்பு, மீனவர் இழப்பீட்டுக் கணக்குக்குச் சென்னை, துறைமுக உடன்பாட்டுக்கு டாக்கா என இருக்கும் அமைப்புகளுக்குள் வேலையைப் பிரித்து எழுதி, தில்லியில் ஒருவரை அதற்குப் பொறுப்பாக்கினாலே பாதி வேலை முடியும். இடருற்ற கப்பலுக்குப் புகலிடம் தரும் துறைமுகங்களை முன்கூட்டியே அறிவிப்பது மீதிப் பாதி.

கொழும்புக்கும் கொச்சிக்கும் இடையே இன்றும் கப்பல்கள் ஓயாமல் சென்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் நாளை ஒரு பெட்டகம் கசியலாம். அப்போது அக்கப்பலின் தலைவர் எந்தத் துறைமுகத்தைக் கேட்க வேண்டும் என்பது இன்றே முடிவாகியிருக்க வேண்டும்.