காரில் படிந்த அழியாத மை

சென்ற பள்ளி விடுமுறையின்போது எமது நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். முற்றத்தில் நின்ற அவருடைய பழைய மொரிஸ் மைனரின் கதவிலே யானையொன்று தும்பிக்கையைத் தூக்கி நின்றது. நான்கு வயதுப் பேத்தியின் கைவண்ணம். அழியாத மை கொண்ட மார்க்கர் பேனையால் தீட்டியது. நண்பர் ஆத்திரத்தில் வர்ணம் கரைக்கும் தின்னரைத் துணியில் தோய்த்து அழுத்தித் தேய்த்தார். யானை மறைந்தது; யானையோடு கதவின் பச்சை நிறமும் மறைந்தது. தந்தையார் வாங்கி அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பேணிய வண்டி அது. அன்று மாலைவரை அவர் எவருடனும் பேசவில்லை. பேத்தியும் படலையை விட்டு அசையவில்லை.

அழியாத மை என்பது பெயரளவில்தான். சாயம், அதனை ஒட்டவைக்கும் பிசின், விரைவில் ஆவியாகும் மதுசாரம் ஆகியவற்றின் கலவையே அது. மதுசாரம் பறந்ததும் பிசின் இறுகுகின்றது. ஆகவே தண்ணீருக்கு இணங்காத மை மதுசாரத்திற்கு இணங்கும். மருந்துக் கடைகளிலே கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இதற்குப் போதுமானது. மை ஊற்றும் பேனையின் மையாயின் பெரும்பாலும் சவர்க்கார நீரே போதும்.

ஆனால் மையை அறிந்தால் மட்டும் போதாது, வர்ணத்தையும் அறிதல் வேண்டும். இக்காலக் கார்களில் நிறத்தின் மேலே நிறமற்ற காப்புப் பூச்சொன்று உண்டு. அதன் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன், தலைமயிரிலும் மெல்லியது. எனினும் நன்கு இறுகிய அப்பூச்சு, சிறிதளவு ஸ்பிரிட்டைத் தாங்கும். பழைய செலுலோசு வர்ணமோ தின்னரிலே கரையும், ஸ்பிரிட்டிலும் இளகக்கூடும். நண்பரின் வண்டிக்குப் பூசியிருந்தது அவ்வகை வர்ணமே. கதவின் உள்விளிம்பில் சிறிது மினுக்கற்பசை தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் மேலே காப்புப் பூச்சில்லை என்று அறியலாம். அத்தகைய வண்டிக்கு ஸ்பிரிட்டை விடுத்து, அந்தப் பசையையே மென்மையாகப் பயன்படுத்துவது நன்று.

காப்புப் பூச்சுள்ள கார் என்றால், முதலில் அதனை நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். வெயிலில் கொதித்த தகட்டில் ஸ்பிரிட் நொடியில் உலர்ந்துவிடும். புழுதியைக் கழுவாது தேய்த்தால் மணலே கீறிவிடும். பின்னர் வெண்ணிறப் பருத்தித் துணியின் நுனியை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்விளிம்பில் முன்சோதித்து, கறையின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். வட்டமாகத் தேய்த்தால் சாயம் பரவும். துணி நிறம் மாறுந்தோறும் புதுப்பக்கத்தைத் திருப்புங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். சுருட்டுப் பிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கின்றோம். முடிவில் கழுவி, மெழுகு பூசிவிடுங்கள்.

நாட்பட்ட சாயம் பூச்சினுள் ஊறியிருந்தால் மங்கலான நிழலொன்று எஞ்சும். அதனையும் துரத்த எண்ணி இரும்புக் கம்பளியோ, அலகோ, பெற்றோலோ எடுக்க வேண்டாம். மினுக்கற்பசையால் இரண்டொரு முறை முயன்று பார்த்து, போகாவிட்டால் விட்டுவிடுவதே எமது அபிப்பிராயம்.

நண்பரின் கதவுக்குப் பச்சை கலக்க வந்த வர்ணக்காரர் மூன்றுமுறை கலந்தார். வெயிலில் வெளிறிய பழைய பச்சையோடு ஒன்றும் பொருந்தவில்லை. கதவு முழுவதையும் புதிதாகப் பூசுவதென்று முடிவாயிற்று.